ஹிரோஷிமாக் கணக்கு

யுத்த காலத்தில் எதிரி நாட்டு ஸ்திரீகளையும் குழந்தைகளையும் கிழவர்களையும் தெரிந்தே கொல்லுவது மகா பாதகம் என்பதை எந்த தேசத்தாரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. ஆனால் "அவர்களைக் கொல்லுவதனால் அதைவிட அதிகமான பேர் பிழைப்பார்கள் என்றால் என்ன சொல்லுவீர்?" என்று ஒருவர் கேட்டவுடனே, அதுவரையில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தவர்களுங்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்ளுகிறார்கள். தர்மம் என்று பேசும்போது எழுந்து நிற்பவன் கணக்கு என்று வந்தவுடனே உட்கார்ந்துவிடுகிறான். இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, யார் போடுகிறார்கள், எப்போது போடுகிறார்கள் என்பதை ஒரு தடவையாவது நிதானமாகப் பார்ப்பது நலம்.

பார்ப்பதற்கு ஹிரோஷிமாவைவிடத் தக்க உதாரணம் இல்லை. 1945-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி காலை 8 மணி 15 நிமிஷத்துக்கு அந்த நகரத்தின்மேல் அமெரிக்க ஆகாய விமானம் ஒன்று அணுகுண்டு போட்டது. 9-ந் தேதி நாகசாகியின்மேல் மற்றொன்று விழுந்தது. அவ்வருஷ முடிவுக்குள் ஹிரோஷிமாவில் ஏறக்குறைய 1,40,000 பேரும் நாகசாகியில் ஏறக்குறைய 70,000 பேரும் மாண்டார்கள் என்பது இப்போது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் மதிப்பு. இது நடந்து 2025-ஆம் வருஷத்தோடு எண்பது வருஷம் நிறைந்துவிட்டது. தப்பிப் பிழைத்தவர்களின் சங்கமாகிய நிஹோன் ஹிடாங்க்யோவுக்கு 2024-ஆம் வருஷத்து நோபெல் சமாதானப் பரிசும் அளிக்கப்பட்டது. ஆயினும், "குண்டு போடாவிட்டால் ஜப்பான்மீது படை இறக்க நேர்ந்திருக்கும், பத்து லட்சம் பேர் மடிந்திருப்பார்கள், ஆகவே குண்டு கொன்றதைவிடக் காப்பாற்றியதே அதிகம்" என்ற பதில் அமெரிக்காவில் இன்றும் கேட்கிறது. 1995-இல் வாஷிங்டன் விமானக் காட்சிசாலையில் அந்த விமானத்தை வைத்து, அதனடியில் மாண்டவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்ல ஏற்பாடு செய்தார்கள். பழைய போர்வீரர் சங்கங்களும் காங்கிரஸ் அங்கத்தினர்களும் கூச்சலிட்டதன் பேரில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. விமானம் மாத்திரம் காட்சிக்கு வந்தது.

வல்லரசுகளிடத்தில் நமக்குள்ள பழைய கோபத்தினால் இந்த வாதத்தை ஒரே வார்த்தையில் தள்ளிவிடத் தோன்றும். அது சரியன்று. எதிரியின் வாதத்தை அதன் பலமான இடத்தில் நிறுத்திச் சோதிப்பதே நியாயம்.

முதலில் தொகையைப் பார்ப்போம். 1945 ஜூன் மாதத்தில் ஜனாதிபதி ட்ரூமனும் சேனாதிபதிகளும் கூடி, கியூஷு தீவில் நவம்பர் 1-ந் தேதி படை இறக்குவது என்று யோசித்தபோது, ராணுவத் திட்டக் கமிட்டி தயாரித்த அறிக்கையில் கண்ட மதிப்பு, ஜப்பானை முற்றும் பிடிப்பதற்கு நாற்பதாயிரத்திலிருந்து நாற்பத்தாறாயிரம் அமெரிக்கர் வரையில் மாளலாம் என்பது. பிறகு கியூஷுவில் ஜப்பானியப் படைகள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகக் குவிவது தெரிந்து பயம் அதிகரித்தது, அதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் பத்து லட்சம் என்ற தொகை ஜனங்களின் மனத்தில் ஊன்றியது 1947 பிப்ரவரியில், யுத்த மந்திரியாக இருந்த ஸ்டிம்ஸன் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரையினால். அதிலும் அவர் சொன்னது மாண்டவரும் காயம்பட்டவரும் சேர்ந்த தொகை. அது நாளடைவில் மாண்டவர் தொகையாகவே மாறிற்று. ட்ரூமன் 1955-இல் வெளியிட்ட தம் சரிதையில் ஐந்து லட்சம் அமெரிக்க உயிர்கள் என்று எழுதினார். வருஷம் ஏற ஏறக் காப்பாற்றப்பட்டவர்களின் தொகையும் லேவாதேவிக்காரனுடைய வட்டியைப்போல ஏறிக்கொண்டே வந்தது.

நாற்பதாயிரம் உயிர் அற்பம் என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வருஷம் ஏப்ரலிலிருந்து ஜூன் வரையில் ஓகினாவாத் தீவில் நடந்த போரில் 12,000-க்கு மேற்பட்ட அமெரிக்கர் மாண்டார்கள். அத்தீவின் குடிஜனங்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அழிந்தார்கள். அதைக் கண்ட எவரும் மற்றொரு தீவில் இறங்கும்படி லேசாக உத்தரவு போடமாட்டார். கணக்குப் போட்டவர்கள் ராக்ஷஸர்கள் அல்லர். தம் பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பியனுப்ப விரும்பிய மனிதர்கள். அதனால்தான் இந்த விஷயம் கவனிக்கத் தக்கதாகிறது.

ஆனால் படையிறக்கம், குண்டு என்ற இரண்டு வழிகள்தாமா இருந்தன? ஜப்பானிய அந்நிய நாட்டு மந்திரி டோகோ, சமாதானத்துக்கு ருஷியாவை மத்தியஸ்தம் செய்யச் சொல்லும்படி மாஸ்கோவிலிருந்த தம் ஸ்தானாபதிக்கு ஜூலை மாதம் முழுவதும் தந்தியடித்துக்கொண்டிருந்தார். அந்த ரகசியத் தந்திகளை அமெரிக்கர் உடனுக்குடன் படித்து வந்தார்கள். நிபந்தனையற்ற சரணாகதி என்ற ஒரு வார்த்தைதான் பெரிய தடை என்பது அவற்றில் தெளிவாயிருந்தது. சக்கரவர்த்தியின் வம்சத்துக்குத் தீங்கு வராது என்று ஒரு வாக்கியம் சேர்க்கலாம் என்று ஸ்டிம்ஸனே யோசனை சொன்னார். ஜூலை 26-ந் தேதி போட்ஸ்டாமிலிருந்து வெளியிட்ட அறிக்கையில் அந்த வாக்கியம் இல்லை. இரண்டு குண்டுகளும் விழுந்து, ருஷியாவும் யுத்தத்தில் புகுந்து, ஜப்பான் பணிந்த பிறகு சக்கரவர்த்தி தம் சிம்மாசனத்திலேயே இருக்க விடப்பட்டார். முன்னே கொடுக்க மறுத்ததைப் பின்னே கொடுத்தார்கள். இடையில் இரண்டு நகரங்கள் போயின.

அந்த வாக்கியம் இருந்திருந்தால் ஜப்பான் நிச்சயமாகப் பணிந்திருக்கும் என்று நாம் சாதிக்கவில்லை. ஆகஸ்டு 9-ந் தேதி, நாகசாகிச் செய்தி வந்த பிறகுங்கூட, ஜப்பானிய யுத்த சபையின் ஆறு அங்கத்தினர்களில் மூவர் சக்கரவர்த்தியின் ஸ்தானம் ஒன்றைத் தவிர மற்ற நிபந்தனைகளையும் வற்புறுத்தினார்கள். சக்கரவர்த்தியே தலையிட்டுத் தீர்க்கவேண்டியதாயிற்று. குண்டு இல்லாமலே அவ்வருஷ முடிவுக்குள் ஜப்பான் பணிந்திருக்கும் என்று 1946-இல் அமெரிக்க சர்க்காரின் விசாரணைக் குழுவே எழுதியது. அதை மறுக்கும் சரித்திராசிரியர்களும் உண்டு. நடக்காததைப்பற்றி முடிவு கட்ட யாராலும் ஆகாது. நாம் கேட்பது இவ்வளவுதான். படையிறக்கத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மூன்றாவது வழியைச் சோதித்துப் பார்ப்பதற்கு அந்த மூன்று மாதத்தில் மூன்று நாளாவது செலவிட்டார்களா? ஜனங்கள் இல்லாத இடத்தில் குண்டை வெடித்துக் காட்டலாம் என்று சிகாகோவிலிருந்த விஞ்ஞானிகள் ஜூன் மாதத்திலேயே அறிக்கை எழுதிக்கொடுத்தார்கள். அது பயன்படாது என்று சில நாட்களில் ஒதுக்கப்பட்டது.

நாகசாகியின் விஷயம் இன்னும் விசித்திரமானது. அந்த நகரத்துக்கென்று தனியாக ஒருவரும் கணக்கே போடவில்லை. முதற்குண்டுக்குப் பிறகு தயாராகும் குண்டுகளைத் தயாரானவுடனே போட்டுக்கொண்டு போகலாம் என்று ஜூலை 25-ந் தேதியே ஒரே உத்தரவு கொடுத்துவிட்டார்கள். 11-ந் தேதி போடுவதாக இருந்ததை, வானிலை கெடும் என்று 9-ந் தேதிக்கு மாற்றினார்கள். விமானம் முதலில் போனது கோக்குரா நகரத்துக்கு. அங்கே மேகமும் புகையும் மூடியிருந்ததனால் திரும்பி நாகசாகிக்கு வந்தது. கோக்குராவின் ஜனங்கள் பிழைத்ததும் நாகசாகியின் ஜனங்கள் மாண்டதும் மேகத்தின் தயவு! எத்தனை பேரைக் கொன்று எத்தனை பேரைக் காப்பது என்று துலாக்கோல் பிடித்து நிறுத்த செய்கை இதுதான் என்றால், அந்தத் துலாக்கோலைப் பிடித்த கை எது?

மறுநாள் ட்ரூமன் தம் மந்திரிகளிடம், தம்முடைய உத்தரவு இல்லாமல் இனிக் குண்டு போடக்கூடாது என்று கட்டளையிட்டிருப்பதாகவும், மற்றும் ஒரு லட்சம் பேரை, அந்தக் குழந்தைகளையெல்லாம், கொல்லுவது தமக்குச் சகிக்கவில்லை என்றும் சொன்னதாக மந்திரி வாலஸ் தம் தினக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஜப்பான் அன்று இன்னும் சரணடையவில்லை. குண்டு உயிர்காக்கும் மருந்தாயின், நோய் தீருவதற்குமுன் மருந்தை ஏன் நிறுத்தவேண்டும்? அவருக்கு உண்மை தெரிந்திருந்தது என்றே நாம் நினைக்கிறோம்.

குறி வைத்த இடத்தையும் கவனிக்கவேண்டும். ஹிரோஷிமாவில் ஒரு பெரிய சேனையின் தலைமையிடம் இருந்தது உண்மை. ஆனால் விமானத்தார் குறி வைத்தது நகரத்தின் நடுவிலுள்ள அயோய் பாலத்தை. தொழிலாளிகளின் வீடுகள் நெருங்கிச் சூழ்ந்த தொழிற்சாலையே தக்க குறி என்றும், முன்கூட்டி எச்சரிக்கை செய்வதில்லை என்றும் மே மாதம் 31-ந் தேதி வாஷிங்டனில் கூடிய கமிட்டி தீர்மானித்திருந்தது. ட்ரூமனோ, ஸ்திரீகளையும் குழந்தைகளையும் அல்ல, ராணுவ ஸ்தலங்களையே தாக்கும்படி சொல்லியிருப்பதாக ஜூலை 25-ந் தேதி தம் குறிப்பில் எழுதிக்கொண்டார். ஆகஸ்டு 9-ந் தேதி ரேடியோவில் ஹிரோஷிமாவை ராணுவ ஸ்தலம் என்றே உலகத்துக்குச் சொன்னார். அன்று காலையில் அந்த ஸ்தலத்தில் தீப் பரவாமலிருக்க வீடுகளை இடித்து வழி செய்துகொண்டிருந்தவர்கள் ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பலவந்தமாகக் கொண்டுவரப்பட்ட கொரியத் தொழிலாளிகளும் அங்கே இருந்தார்கள். செய்தது நியாயம் என்று நம்பினவர் அதற்கு வேறு பெயர் இடவேண்டிய அவசியம் என்ன? இதே ஸ்டிம்ஸன், புராதன தலைநகரம் என்பதற்காகக் கியோட்டோவைப் பட்டியலிலிருந்து நீக்கினார். அதற்காக அவரைப் புகழலாம். ஓர் ஊரின் கோயில்களுக்காகக் குறியை மாற்ற முடிந்தவர்களால் மற்றோர் ஊரின் குழந்தைகளுக்காக மாற்ற முடியாமற் போயிற்று.

இவ்வளவும் எழுதிய பிறகு, நம் மனச்சாட்சியையே உறுத்தும் ஒரு பிரதிவாதத்தை நாம் சொல்லியாகவேண்டும். யுத்தம் நீடித்த ஒவ்வொரு மாதமும் மாண்டவர்கள் அமெரிக்கரும் ஜப்பானியருமே அல்லர். சீனத்திலும் ஜாவாவிலும் வியட்நாமிலும் ஜப்பானிய ஆட்சியின்கீழ்ப் பஞ்சத்தாலும் நோயாலும் வாளாலும் மாண்ட ஆசிய ஜனங்களுக்குத் தொகை இல்லை. மாதத்துக்கு லட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுவோர் உண்டு. 1945 பிப்ரவரியில் மணிலாவில் மாத்திரம் ஏறக்குறைய லட்சம் ஜனங்கள் அழிந்தார்கள். நமக்கு இன்னும் நெருங்கிய சாட்சியும் உண்டு. 1942-இலும் 1943-இலும் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடுவதற்கு, நல்ல கூலி என்று ஆசை காட்டியும் பிறகு பலவந்தமாகவும் மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும் பகுதியார் தமிழர்கள். வாந்திபேதியாலும் பட்டினியாலும் அடியாலும் காட்டில் விழுந்த ஆசியத் தொழிலாளிகளின் தொகை லட்சத்துக்குச் சமீபம் என்று மதிக்கப்படுகிறது. வெள்ளைக்காரக் கைதிகளுக்காவது பெயர் பொறித்த கல்லறைகள் கிடைத்தன. நம்மவர்களுக்கு அதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு தோட்டத் தொழிலாளியின் விதவையிடம் போய், ஹிரோஷிமாவில் குண்டு போட்டது தவறு, உன் பிள்ளைகள் இன்னும் ஆறு மாதம் ஜப்பானியன்கீழ் இருந்திருக்கலாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

நமக்கு வராது. இந்த வாதத்துக்கு எளிதான பதில் இல்லை. குண்டு போட்டவர்களின் அக்காலத்துத் தஸ்தாவேஜுகளில் இந்த ஆசிய உயிர்களைக் கணக்கிட்டதாகத் தெரியவில்லை என்று சொல்லலாம். ஆனால் அது அவர்களுடைய மனத்தைப் பற்றிய பேச்சே தவிர வாதத்துக்குப் பதிலாகாது. ஆகையால் ரயில்பாதைக்கே திரும்பிப் போவோம். அந்தப் பாதையைப் போட்ட ஜப்பானிய அதிகாரியிடத்திலும் ஒரு கணக்கு இருந்தது. பர்மாவுக்குக் கப்பலில் சாமான் அனுப்பினால் எதிரி மூழ்கடிக்கிறான். பாதை சீக்கிரம் முடிந்தால் யுத்த முனையில் இத்தனை சிப்பாய்கள் பிழைப்பார்கள். அதற்குக் கூலிகள் இத்தனை பேர் செலவாவார்கள் என்பது அவருடைய கணக்கு. அவரும் தம் தேசத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் விரும்பினார். தமிழ்த் தொழிலாளி அந்தக் கணக்கில் செலவுப் பக்கத்தில் எழுதப்பட்டான். அவனை ஒருவரும் கேட்கவில்லை. ஹிரோஷிமாவில் வீடு இடித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பையனையும் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பையனைச் செலவெழுதுவதற்குத் தமிழ்த் தொழிலாளியின் பெயரைச் சாட்சியாகக் கொண்டுவருகிறவர்கள், அவனைக் கொன்ற பேரேட்டிலேயே அவனைத் திரும்பவும் பதிகிறார்கள்.

படையையோ படைக்கலத் தொழிற்சாலையையோ தாக்கும்போது அருகிலுள்ள ஜனங்களும் மாளுவது யுத்தத்தில் நேர்வது. அதிலும் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்க்கும் கடமை உண்டு. ஆனால் ஜனங்களுடைய சாவையே கருவியாக்கி, அந்தச் சாவின் பயங்கரத்தினால் எதிரியின் சர்க்காரைப் பணியவைப்பது வேறு ஜாதியைச் சேர்ந்த செய்கை. முன்னதில் அந்த ஜனங்கள் தப்பிப் போய்விட்டாலும் காரியம் முடியும். பின்னதில் அவர்கள் தப்பினால் காரியமே கெட்டுப்போகும். 1956-இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் கொடுக்க முன்வந்தபோது, எலிஸபெத் ஆன்ஸ்கம் என்ற தத்துவ ஆசிரியை எழுந்து எதிர்த்ததும் இந்தப் பேதத்தை வைத்துத்தான். சபையார் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு எட்டு வருஷங்களுக்கு முன்பே, டோக்கியோ யுத்தக் குற்ற விசாரணையில் பதினொரு நீதிபதிகளில் ஒருவராக இருந்த நம் நாட்டு ராதாவினோத பாலர், குடிஜனங்களைப் பேதமின்றி அழிப்பது குற்றமாயின் பசிபிக் யுத்தத்தில் அதற்கு மிக நெருங்கியது அணுகுண்டு போடும் தீர்மானமே என்று தம் தனித் தீர்ப்பில் எழுதினார். அவருடைய தீர்ப்பு முழுவதையும் நாம் ஒப்பவில்லை. ஜப்பானியத் தலைவர்களை அடியோடு விடுவித்தது நமக்குச் சம்மதமன்று. இந்த ஓர் இடத்தில் அவர் சொன்னதை மறுக்க வழி இல்லை.

பசுக்களும் பெண்டிரும் பிணியாளரும் அரண் தேடிக்கொள்ளுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று முன்னறிவித்துப் போர் தொடங்கும் அரசனைப் புறநானூற்றில் நெட்டிமையார் பாடியிருக்கிறார். இதை மேடையில் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள், பகைவர் ஊரை எரித்த அரசர்களையும் அதே தொகைநூல் புகழ்ந்திருப்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நம் முன்னோர்களும் இரண்டையும் அறிந்தவர்களே.

நம் முன்னோர் இருக்கட்டும். நாம் எப்படி இருக்கிறோம்? குடிஜனங்களைத் தாக்குவதை வெளிப்படையாக விலக்கும் ஜினீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் வருஷத்து முதற்சேர்க்கையில் இந்தியா இன்றுவரை சேரவில்லை. அமெரிக்கா கையெழுத்திட்டும் ஊர்ஜிதம் செய்யவில்லை. இந்த விஷயத்தில் இரண்டு தேசங்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. 1995-இல் ஹேக் நகரத்துச் சர்வதேச நியாயஸ்தலத்தில் நம் சர்க்கார், பதிலுக்குப் பதிலாகக்கூட அணு ஆயுதத்தைப் பிரயோகிப்பது சட்டவிரோதம் என்று எழுத்து மூலமாக வாதித்தார்கள். நல்ல வாதம். 1998 மே மாதத்தில் போக்ரானில் குண்டுகளை வெடித்தார்கள். 2003 ஜனவரி 4-ந் தேதி வெளியிட்ட கொள்கை அறிக்கையில், முதலில் நாம் பிரயோகிக்கமாட்டோம், ஆனால் நம்மீது ஒருவன் பிரயோகித்தால் நம் பதிலடி மிகப் பெரிதாகவும் எதிரியால் தாங்க முடியாத நஷ்டத்தை விளைவிப்பதாகவும் இருக்கும் என்று சொன்னார்கள். நம் ஜனங்களைக் காப்பதற்காகத்தான் இந்தப் பயமுறுத்தல் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஸ்டிம்ஸனுடைய நோக்கத்திலும் நாம் சந்தேகப்படவில்லை.

தாங்க முடியாத நஷ்டம் எங்கே விளையும்? அறிக்கையில் அது இல்லை. பாலைவனத்திலுள்ள பாசறையில் விளைவதை எந்த சர்க்காரும் தாங்கிக்கொள்ளும். லாகூரில் விளைவதைத் தாங்க முடியாது என்பது மெய்; லாகூரிலிருந்து அமிருதசரஸ் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். நம் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் எத்தனையோ கேள்விகள் கேட்கிறார்கள். 1995-இல் ஹேக் நகரத்தில் எழுதிக்கொடுத்தது இன்னும் சர்க்காரின் அபிப்பிராயந்தானா, ஆமென்றால் 2003-ஆம் வருஷத்து அறிக்கையில் சொன்ன பதிலடியின் குறி எது என்பதையும் அவர்கள் கேட்கட்டும்.